யார் சொன்ன வசனம்?

தமிழில் ‘வசனம்’ என்ற சொல்லுக்கு இரண்டு வீடுகள் உண்டு. நாடகத்திலும் திரைப்படத்திலும் ஒரு பாத்திரம் பேசுவது வசனம். தேவாலயத்தில் வேதப்புத்தகத்தின் எண்ணிட்ட ஒவ்வொரு வரியும் வசனம். முதல் வகை வசனம் காதில் விழுந்தவுடன், பேசுவது நாயகனா, வில்லனா, ஒரே காட்சியில் வந்துபோகும் தபால்காரனா என்று பார்த்துக்கொள்கிறோம். இரண்டாம் வகையை வாசிக்கும்போது அந்தக் கேள்வியை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிடுகிறோம்.

கிறிஸ்தவ வீடுகளின் சுவர்களிலும் காலண்டர்களிலும் அடிக்கடி தென்படும் ஒரு வரியைப் பாருங்கள்: துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும். யோபு 8:7. புதுக் கடை திறப்பவருக்கும் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கும் வாழ்த்தாக எழுதித் தரப்படும் வரி. இதைச் சொன்னவர் கடவுள் அல்லர், யோபும் அல்லர். யோபின் மூன்று நண்பர்களில் ஒருவரான சூகியனான பில்தாத். சொன்ன இடம், பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்து உடலெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் முன்னிலை. அதே பேச்சில் மூன்று வசனங்களுக்கு முன்னால், உம்முடைய பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதனால் போனார்கள் என்ற பொருளில் பில்தாத் பேசியிருக்கிறார். துக்க வீட்டில் இப்படிப் பேசுகிறவரை நம் ஊரில் இரண்டாம் முறை உள்ளே விடமாட்டார்கள். நூலின் கடைசி அதிகாரத்தில் கடவுளே இன்னொரு நண்பரான எலிப்பாசிடம், நீயும் உன் இரண்டு நண்பர்களும் என் தாசனாகிய யோபைப்போல என்னைப்பற்றிச் சரியாகப் பேசவில்லை, என் கோபம் உங்கள்மேல் மூண்டிருக்கிறது என்கிறார் (42:7). சுவரில் தொங்குவது அந்தக் கோபத்துக்கு ஆளான பேச்சின் ஒரு துண்டு.

அதற்காகக் காலண்டரைக் கிழிக்க வேண்டியதில்லை. யோபின் முடிவு சம்பூரணமாகத்தான் இருந்தது. 7,000 ஆடுகள் 14,000 ஆயின, 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆயின. பில்தாத் சொன்ன வரி பலித்தது. அதற்கு அவர் காட்டிய காரணம், ‘நீர் சுத்தமாயிருந்தால் கொடுப்பார், கொடுக்காவிட்டால் நீர் பாவி’ என்ற கணக்கு, தவறிப்போனது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடவுளின் கண்டனம் நேராகப் போய் விழுந்த எலிப்பாசின் பேச்சிலிருந்து ஒரு வரியை, ஞானிகளை அவர்கள் தந்திரத்திலேயே பிடிக்கிறார் என்பதை, பவுல் 1 கொரிந்தியர் 3:19-இல் வேதவாக்காகவே மேற்கோள் காட்டுகிறார். ஆகவே ‘கண்டிக்கப்பட்டவர் பேசியது, முழுவதும் தள்ளு’ என்றும் சொல்லிவிட முடியாது. பேசியவரைப் பார்க்காமல் வரியை எடுப்பது எவ்வளவு அவசரமோ, பேசியவரை மட்டும் பார்த்து வரியைத் தள்ளுவதும் அவ்வளவு அவசரம்.

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இவர் இப்படிப் பேசினாரா என்பது ஒன்று. பேசியது உண்மையா என்பது மற்றொன்று. வேதத்தில் ஒரு பிழையும் இல்லை என்று நம்புகிறவருக்கும் இரண்டாவது கேள்வி அப்படியே பாக்கியிருக்கிறது. ‘நீங்கள் சாகவே சாவதில்லை’ என்று ஆதியாகமத்தில் சர்ப்பம் சொல்வதை ஆசிரியர் பதிவுசெய்தார் என்பதால் சர்ப்பம் சொன்னது மெய்யாகிவிடாது. பொய்யைப் பொய்யாகவே சரியாக எழுதி வைப்பதும் உண்மையான பதிவுதான்.

வாசகரைத் தடுமாற வைப்பதில் அச்சுக்கும் பங்கு உண்டு. பழைய எபிரேய, கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் மேற்கோள் குறிகள் கிடையாது. நம் பழைய தமிழ் வேதாகமத்திலும் பேச்சு ஒரு முக்காற்புள்ளியில் தொடங்கி ‘என்றான்’ என்பதில் முடியும். இடையே எத்தனை பத்தி ஓடினாலும் குறி எதுவும் இராது. பிரெஞ்சு அச்சாளர் ராபர்ட் எஸ்தியேன் 1551-இல் புதிய ஏற்பாட்டை எண்ணிட்ட வசனங்களாகப் பிரித்து அச்சிட்டார். அந்த முறை பரவியபின் எந்த வரியையும் தனியே கழற்றி எடுப்பது எளிதாயிற்று. பேசுகிறவரின் பெயர் ஒரு வசனத்தில் இருக்கும், பேச்சு ஆறு வசனம் தள்ளியிருக்கும். பில்தாத்துக்கு நேர்ந்தது இதுதான்.

மோசே, தாவீது, பேதுரு போன்றவர்களின் பேச்சை எடைபோட அவர்கள் வாழ்க்கை முழுவதும் நமக்கு முன்னால் விரிந்து கிடக்கிறது. சிறிய பாத்திரங்களுக்கு அந்த வசதி இல்லை. ஒரு தடவை வருகிறார்கள், பத்து வரி பேசுகிறார்கள், போய்விடுகிறார்கள். சிலருக்குப் பெயர்கூட இல்லை.

பெயரில்லாத அப்படி ஒருவன்தான் 2 சாமுவேல் முதல் அதிகாரத்தில் வரும் அமலேக்கிய வாலிபன். கில்போவா மலைப் போரில் சவுல் அரசர் இறந்தபின், தாவீது சிக்லாகுக்குத் திரும்பிய மூன்றாம் நாள், கிழிந்த உடையும் தலையில் மண்ணுமாக அவரிடம் வந்து சேருகிறான். தற்செயலாகக் கில்போவா மலைக்குப் போனேன் என்கிறான். சவுல் தம் ஈட்டியில் சாய்ந்துகொண்டிருந்தார், என்னைக் கூப்பிட்டுக் கொன்றுபோடச் சொன்னார், இனிப் பிழைக்கமாட்டார் என்று தெரிந்ததால் கொன்றேன், இதோ அவர் தலையில் இருந்த மணிமுடியும் கையில் இருந்த கடகமும்.

இதற்கு ஒரு பக்கம் முன்னால், 1 சாமுவேல் 31-இல், கதை சொல்பவர் தம் சொந்தக் குரலில் வேறொன்று சொல்லியிருக்கிறார். வில்வீரர்களால் காயப்பட்ட சவுல் தம் ஆயுததாரியிடம் கேட்டார், அவன் மறுத்தான், சவுல் தம் பட்டயத்தின்மேல் தாமே விழுந்தார், ஆயுததாரியும் அப்படியே விழுந்து செத்தான். அமலேக்கியனுக்கு அங்கே இடமே இல்லை.

இரண்டையும் எப்படியாவது ஒட்டிவிடப் பலர் முயன்றிருக்கிறார்கள். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ், சவுல் பட்டயத்தில் விழ முயன்றும் சாகவில்லை, பிறகு அமலேக்கியனைக் கேட்டார் என்று இரண்டு கதைகளையும் ஒரே நூலில் கோத்துவிட்டார். நவீன ஆய்வாளர்களில் சிலர், இவை இரண்டு வெவ்வேறு மரபுகள், தொகுத்தவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார் என்பார்கள். எனக்கு இரண்டும் தேவையற்ற சுற்றுவழியாகவே தோன்றுகிறது. பேச்சையே பாருங்கள். போர் நடக்கும் மலைக்கு யாராவது தற்செயலாகப் போவார்களா? முடி அவன் கையில் இருப்பது சவுலின் சடலத்துக்கு அருகில் அவன் போனான் என்பதை நிரூபிக்கும்; கொன்றான் என்பதை நிரூபிக்காது. போரில் வென்ற பெலிஸ்தர் சடலங்களைக் கொள்ளையிட வந்தது மறுநாள்தான் என்று நூல் குறிப்பாகச் சொல்கிறது. இடையில் ஓர் இரவு இருந்தது. அடுத்த அரசராகப் போகிறவரிடம் முந்தைய அரசரின் முடியைக் கொண்டுவருகிறவனுக்கு என்ன எதிர்பார்ப்பு இருந்திருக்கும் என்பதைத் தாவீதே பின்னால் சொல்கிறார்: நற்செய்தி கொண்டுவந்ததாக நினைத்து வந்தான், அவனுக்கு நான் கொடுத்த வெகுமதி அவனைக் கொன்றதுதான் (4:10).

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இவனுக்கே எழுதியதுபோல் இருக்கிறது. ‘உன் வாயே உனக்கு விரோதமான சாட்சி’ என்றுதான் தாவீதின் தீர்ப்பும் சொல்கிறது. அவன் சொன்னது உண்மையா என்று அவர் விசாரிக்கவில்லை, விசாரிக்கத் தேவையும் இருக்கவில்லை. நாம்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. நமக்கு மட்டும்தான் 31-ஆம் அதிகாரம் தெரியும்.

கதை சொல்பவர் தம் குரலில் சொன்னது ஒருபுறம், பாத்திரம் சொல்வது மறுபுறம் என்று மோதும்போது முன்னதையே நம்ப வேண்டும் என்பது வேதாகமக் கதைகளின் பொது ஒழுங்கு. அமலேக்கியன் விஷயம் அதனால் எளிது. கதை சொல்பவர் வாயே திறக்காவிட்டால்?

சீபாவின் வழக்கு அப்படிப்பட்டது. சவுலின் வீட்டு வேலைக்காரன் சீபா. அவனுக்கே பதினைந்து மகன்களும் இருபது வேலைக்காரரும் இருந்தார்கள் என்பதால் சாதாரண ஆள் அல்ல. சவுலின் பேரன் மேவிபோசேத்துக்கு இரண்டு காலும் முடம். ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது கீழே விழுந்ததால் வந்தது. அவனுடைய தகப்பனும் தம் இறந்த நண்பருமான யோனத்தானின் நினைவாகத் தாவீது அவனை அரண்மனைப் பந்தியில் உட்கார வைத்து, சவுலின் நிலங்களைத் திருப்பிக் கொடுத்து, அவற்றைப் பயிரிடும் வேலையைச் சீபாவிடம் ஒப்படைத்தார். பிறகு தாவீதின் மகன் அப்சலோமின் கலகம். தாவீது எருசலேமை விட்டு ஓடும்போது சீபா சேணம் கட்டிய இரண்டு கழுதைகளோடு எதிரே வருகிறான். 200 அப்பம், 100 வற்றலான திராட்சைக்குலை, 100 குலை கோடைகாலத்துப் பழம், ஒரு துருத்தி திராட்சரசம். உன் எஜமானின் குமாரன் எங்கே என்று தாவீது கேட்கிறார். எருசலேமில் இருக்கிறான், தன் தகப்பன் வீட்டு ராஜ்யம் இன்று தன்னிடம் திரும்பும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான் என்கிறான் சீபா. அந்த நிமிஷமே தாவீது சொத்து முழுவதையும் சீபாவுக்கு எழுதிக் கொடுக்கிறார்.

கலகம் அடங்கி அரசர் திரும்பும்போது மேவிபோசேத் வருகிறான். என் வேலைக்காரன் என்னை ஏமாற்றினான், கழுதைக்குச் சேணம் கட்டிப் புறப்பட இருந்தேன், நான் முடவன், என்னை விட்டுப்போய் என்மேல் கோள் சொன்னான் என்கிறான். தாவீது இருவரையும் எதிரெதிரே நிறுத்தி விசாரிக்கவில்லை. நீயும் சீபாவும் நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று எரிச்சலோடு முடித்துவிடுகிறார். கதை சொல்பவரும் யார் பொய்யர் என்று எங்கும் சொல்லவில்லை.

எங்கும் என்று சொன்னேன். ஒரே ஒரு இடத்தில் விரல் நீட்டியிருக்கிறார். மேவிபோசேத் வாய் திறப்பதற்கு முன்பே, அரசர் போன நாள்முதல் திரும்பி வந்த நாள்வரை அவன் கால்களைச் சுத்தம்பண்ணவில்லை, தாடியைத் திருத்தவில்லை, உடைகளை வெளுக்கவில்லை என்று ஒரு வரி (2 சாமுவேல் 19:24). இது மேவிபோசேத்தின் வாக்குமூலம் அல்ல. கதை சொல்பவரே தருவது. அரசனாகப் போகிறேன் என்று கனவு கண்டவன் தாடியைக் கவனிக்காமலா இருப்பான்? வேதாகமக் கதைகளில் ஒருவர் தம்மைப்பற்றிச் சொல்லிக்கொள்வதைவிட அவரது செயலும் தோற்றமும் வேறு வகைச் சாட்சி, அவற்றுக்கெல்லாம் மேலே கதை சொல்பவரின் நேரடிச் சொல் என்று 1981-இல் அமெரிக்க இலக்கிய ஆய்வாளர் ராபர்ட் ஆல்ட்டர் ஒரு படிவரிசையை விளக்கினார். இங்கே அந்தத் தாடி ஒரே சமயத்தில் தோற்றமாகவும் நேரடிச் சொல்லாகவும் இருக்கிறது.

சீபாவின் கதையிலேயே ஓட்டையும் உண்டு. கலகம் செய்தது அரசராக விரும்பிய அப்சலோம். அவன் வென்றால் சவுலின் முடவனான பேரனுக்கு எதற்குச் சிங்காசனம் கொடுப்பான்? தீர்ப்பு வந்தபின் மேவிபோசேத், அரசர் சமாதானத்தோடு வந்துவிட்டாரே, அவனே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும் என்கிறான். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே பிள்ளைக்கு உரிமை கேட்டுச் சாலமோன் முன் நின்ற இரண்டு பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். பிள்ளையை முழுவதும் விட்டுக்கொடுக்கத் துணிந்தவள்தான் அங்கே தாய். பழைய யூத அறிஞர்களும் மேவிபோசேத் பக்கமே சாய்ந்திருக்கிறார்கள். தாவீது நிலத்தைப் பங்கிடச் சொன்னபோதே, ரெகொபெயாமும் எரொபெயாமும் ராஜ்யத்தைப் பங்கிடுவார்கள் என்று வானத்திலிருந்து ஒரு குரல் கேட்டது என்று யூதர்களின் பழைய விளக்கத் தொகுப்பான தல்மூதில் ஒரு கருத்து பதிவாகியிருக்கிறது. கோள் கேட்டதற்கு அரசரின் பேரன் ரெகொபெயாம் காலத்தில் நாடே பிளந்ததாம்.

நேர்மாறான உதாரணமும் சொல்ல வேண்டும். 1 இராஜாக்கள் 13-இல் பெத்தேலின் கிழத் தீர்க்கதரிசி, எனக்குத் தேவதூதன் சொன்னான் என்று யூதாவிலிருந்து வந்த தேவமனுஷனை விருந்துக்கு அழைக்கிறான். அவன் பொய் சொன்னான் என்று கதை சொல்பவர் உடனே போட்டு உடைத்துவிடுகிறார். ஆனால் அதே பந்தியில், அதே கிழவனின் வாயில், உண்மையான தேவவாக்கு வருகிறது. அதன்படியே விருந்தாளி சிங்கத்தால் கொல்லப்படுகிறார். பொய்யர் என்று ஒருமுறை முத்திரை குத்திவிட்டால் வேலை முடிந்தது என்று இருக்க முடியாது.

பொய் பெரியதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. யோசேப்பு தன் வஸ்திரத்தைத் தன் எஜமான் போத்திபாரின் மனைவியின் ‘கையிலே’ விட்டு ஓடினான் என்று ஆதியாகமம் 39:12 சொல்கிறது. அவள் வீட்டாரிடமும் கணவரிடமும் அவன்மேல் பழி சுமத்திச் சொல்லும்போது அது ‘என்னிடத்தில்’ விட்டுப் போனான் என்று மாறிவிடுகிறது. கையில் இருந்தால் அவள் பிடித்து இழுத்தாள். அருகில் கிடந்தால் அவனே கழற்றினான். ஒரு சொல்லில் வழக்கு தலைகீழாகிவிடுகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வேறுபாட்டைக் கவனமாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். வேலைக்காரரிடம் பேசும்போது ‘எபிரெய மனுஷன்’ என்று அந்நியனைச் சுட்டுகிறவள், கணவரிடம் பேசும்போது ‘நீர் கொண்டுவந்த எபிரெய வேலைக்காரன்’ என்று பழியில் பாதியை அவர் தலையிலும் ஏற்றுகிறாள்.

ரப்சாக்கேயின் பேச்சு இன்னும் கெட்டிக்காரத்தனமானது. கி.மு. 701-இல் அசீரிய அரசர் சனகெரிப் யூதா நாட்டின்மேல் படையெடுத்தார். அரணான 46 நகரங்களைப் பிடித்ததாகவும் எசேக்கியா அரசரைக் கூண்டுப் பறவைபோல எருசலேமில் அடைத்ததாகவும் அவருடைய சொந்தச் சாசனமே பெருமையடிக்கிறது. எருசலேம் மதிலுக்கு வெளியே நின்று மக்களின் தாய்மொழியிலேயே உரக்கப் பேசும் அசீரிய அதிகாரியின் பதவிப்பெயர்தான் ரப்சாக்கே (2 இராஜாக்கள் 18). எகிப்து நெரிந்த நாணல், நம்பாதீர்கள் என்கிறார். ஏசாயா தீர்க்கதரிசியும் எகிப்தை நம்பாதே என்றுதான் சொன்னார். எசேக்கியா வழிபாட்டு மேடைகளை இடித்தார் என்கிறார்; அதுவும் நடந்ததே. ஆனால் கடவுளை மகிழ்விக்கச் செய்ததைக் கடவுளின் கோபத்துக்குக் காரணமாகத் திருப்பிவிடுகிறார். கர்த்தரே என்னை இத்தேசத்தின்மேல் போகச் சொன்னார் என்று முடிக்கிறார். தகவல்களில் பாதிக்குமேல் சரி. அவை கொண்டுபோய் நிறுத்தும் இடம் தவறு.

இதுவரை பார்த்தவை எல்லாம் நூலுக்குள்ளேயே தீர்க்கக்கூடிய வழக்குகள். அப்போஸ்தலர் 5-இல் கமாலியேலின் பேச்சுக்கு வரும்போது வெளியே போய்த் தேட வேண்டியிருக்கிறது.

இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலரைக் கொல்ல யூதர்களின் ஆலோசனைச் சங்கம் யோசிக்கும்போது, எல்லாராலும் மதிக்கப்பட்டவரும் பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினருமான கமாலியேல் எழுந்து அவர்களைச் சற்று வெளியே அனுப்பச் சொல்லிவிட்டுப் பேசுகிறார். தெயுதாஸ் எழும்பினான், ஏறக்குறைய நானூறு பேர் சேர்ந்தார்கள், அவன் மடிந்தான், கூட்டம் சிதறியது. அவனுக்குப் பின்பு குடிமதிப்பின் (மக்கள் கணக்கெடுப்பின்) நாட்களில் கலிலேயனாகிய யூதாஸ் எழும்பினான், அவனும் அழிந்தான். இவர்களை விட்டுவிடுங்கள், மனுஷரால் உண்டானதானால் ஒழிந்துபோகும், தேவனால் உண்டானதானால் உங்களால் ஒழிக்க முடியாது.

முதல் சிக்கல் காலம். ஜொசீபஸ் சொல்லும் தெயுதாஸ், யோர்தானைப் பிளப்பேன் என்று கூட்டத்தை அழைத்துப்போய் ஆளுநர் பாதுவின் குதிரைப்படையிடம் தலையை இழந்தவன்; பாது பதவியில் இருந்தது கி.பி. 44 முதல் 46 வரை. கமாலியேல் பேசுவதோ அதற்குப் பத்தாண்டுகளாவது முன்பு. குடிமதிப்பு கி.பி. 6-இல். அதாவது தெயுதாஸ் யூதாசுக்கு முன்பு அல்ல, நாற்பது ஆண்டுகள் பின்பு வந்தவன். இதே பெயரில் முன்பே வேறொருவன் இருந்திருப்பான் என்பது ஒரு விளக்கம். அப்போஸ்தலர் நூலை எழுதிய லூக்கா தவறிவிட்டார் என்பது இன்னொன்று. ஜொசீபஸின் நூலில் தெயுதாசை அடுத்து யூதாசின் மகன்கள் குறிப்பிடப்படுவதால், லூக்கா அதை வாசித்துக் குழம்பியிருக்கலாம் என்பது மூன்றாவது. அந்த நூல் வெளிவந்தது கி.பி. 93–94-இல் என்பதால், இதை ஏற்றால் லூக்காவையும் அதற்குப் பின்னால் தள்ள வேண்டும். வேறொரு தெயுதாஸ் என்பது முடியாதது அல்ல. ஆனால் இந்த வரியைக் காப்பாற்ற மட்டுமே அவன் பிறந்ததுபோல் தெரிவதால் எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

அந்த அறையில் பேசியது லூக்காவுக்கு எப்படித் தெரியும் என்பதும் கேட்கத்தக்கது. அப்போஸ்தலர்கள் வெளியே நிற்கிறார்கள். கமாலியேலின் மாணவராயிருந்த பவுல் வழியாகத் தெரிந்திருக்கலாம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அந்தக் காலத்து வரலாற்றெழுத்தின் வழக்கத்தையும் மறக்கக் கூடாது. கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடஸ், பேச்சுகளைச் சொல்லுக்குச் சொல் நினைவில் வைப்பது கடினம், உண்மையில் பேசப்பட்டதன் பொதுப்பொருளை ஒட்டிச் சந்தர்ப்பத்துக்கு ஏற்றதை எழுதினேன் என்று தம் நூலின் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டார். லூக்காவும் அந்தப் பள்ளியின் மரபில் எழுதுகிறவர்தான். ஒலிப்பதிவைத் தேடிப் போகிறவர் ஏமாறுவார்.

இதைவிட எனக்குச் சுவையானது வேறொன்று. யூதாசின் கூட்டம் சிதறிப்போயிற்று என்கிறார் கமாலியேல். சிதறியதா? யூதாசின் இரண்டு மகன்கள் நாற்பதுகளில் சிலுவையில் அறையப்பட்டார்கள். 66-இல் ரோமுக்கு எதிராகப் போர் வெடித்தபோது தலைவர்களில் ஒருவனாக வந்த மெனாகேமும், மசாதா கோட்டையைக் கடைசிவரை பிடித்திருந்த எலெயாசரும் யூதாசின் வம்சத்தார் என்று ஜொசீபஸ் எழுதுகிறார். யூதாசின் கொள்கை அறுபது ஆண்டுகளுக்குமேல் உயிரோடிருந்து, எருசலேம் தேவாலயம் எரிந்த போர்வரை வந்தது. தம் விதிக்குத் தாமே காட்டிய உதாரணத்திலேயே கமாலியேல் சறுக்கிவிட்டார்.

விதியும் அப்படித்தான். தேவனால் உண்டானது நிலைக்கும், மற்றது ஒழியும் என்பதைச் சட்டமாக எடுத்துக்கொண்டால், பல நூற்றாண்டுகள் நிலைத்த எல்லா மதங்களும் தேவனால் உண்டானவை என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். புதுப்புது ஊழியங்களைக் கேள்வி கேட்காதிருக்க இந்த வசனத்தைக் கேடயமாகத் தூக்குகிறவர்கள் யாரும் அதற்குச் சம்மதிக்கமாட்டார்கள். லூக்கா இதைச் சட்டமாகத் தரவில்லை. சங்கத்தின் கையைக் கட்டிய ஒரு சமயோசிதப் பேச்சாகத் தருகிறார். அதுவும் பாதிதான் கட்டியது. அப்போஸ்தலரை அடித்த பிறகே வெளியே விட்டார்கள்.

யோவான் 9-இல் பிறவிக் குருட்டிலிருந்து இயேசுவால் பார்வை பெற்றவர், பாவிகளுக்குத் தேவன் செவிகொடுக்கிறதில்லை என்று பரிசேயரிடம் வாதாடுவதும் பிரசங்கங்களில் கோட்பாடாகிவிட்ட ஒரு வாதம். வாதத்தில் அவர் வென்றார். ஆனால் பாவியாகிய என்மேல் கிருபையாயிரும் என்று ஜெபித்த ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) நீதிமானாக வீடு திரும்பினான் என்று லூக்கா 18-இல் சொல்வது இயேசு.

லூக்காவின் அப்போஸ்தலர் நூலிலேயே ஒரு கடிதம் இருக்கிறது. எழுதியவர் எருசலேமின் ரோமப் படைத்தலைவர் கிலவுதியு லீசியா. யூதர்கள் கொல்லப் பார்த்த இந்த மனுஷனை, இவன் ரோமன் என்று அறிந்து, போர்ச்சேவகரோடு போய் விடுவித்தேன் என்று ஆளுநர் பேலிக்ஸுக்கு எழுதுகிறார் (அப்போஸ்தலர் 23:27). இரண்டு அதிகாரங்களுக்கு முன் நடந்தது வாசகருக்குத் தெரியும். லீசியா பவுலை ஒரு எகிப்தியக் கலகக்காரன் என்று நினைத்து இரண்டு சங்கிலிகளால் கட்டினார். சவுக்கால் அடித்து விசாரிக்கச் சொன்னார். வாரால் கட்டும்போது பவுல் கேட்ட கேள்வியில்தான் அவர் ரோமக் குடிமகன் என்று தெரிந்தது. ரோமனைக் கட்டிவிட்டோமே என்று லீசியா பயந்தார். மேலதிகாரிக்கு எழுதும்போது இரண்டு நிகழ்ச்சிகளின் வரிசை மட்டும் கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது. அரசு அலுவலகக் கோப்புகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

லூக்கா இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலாட்கள் இருநூறு பேர், குதிரைவீரர் எழுபது பேர், ஈட்டிக்காரர் இருநூறு பேர் சூழ, பவுலும் அந்தக் கடிதமும் ஒரே இரவில் எருசலேமைவிட்டுப் புறப்படுகிறார்கள். செசரியாவில் பேலிக்ஸ் கடிதத்தை வாசிக்கிறார். வாசித்துவிட்டு, நீ எந்த மாகாணத்தான் என்று மட்டும் பவுலைக் கேட்கிறார்.